ஆய்வுக்கூடக் கேள்வி–பதில்: படிகம் வர வேண்டிய இடத்தில் எண்ணெய்

கே: 5 கிராம் அசிட்டனிலைடு என்ற திண்மக் கரிமச் சேர்மத்தைக் கொதிநீரில் கரைத்து மறுபடிகமாக்க, அதாவது ஆறவிட்டுத் தூய படிகமாகத் திரும்பப் பெறப் பார்த்தேன். குடுவையின் அடியில் எண்ணெய்ச் சொட்டுகள் தங்கிவிட்டன. ஆறியதும் பழுப்புக் கட்டியாக இறுகிவிட்டன. 114 டிகிரியில் உருகும் பொருள் கொதிநீரில் எப்படி உருகும்?

ப: அந்தச் சொட்டுகள் அசிட்டனிலைடேதான். உலர்ந்திருந்தால் 114 டிகிரி செல்சியஸில் உருகும். நீருடன் சேர்ந்தால் சுமார் 83 டிகிரியிலேயே உருகிவிடும். அதற்கு மேல், கரையாமல் மிஞ்சுவதெல்லாம் திரவமாகத்தான் கிடக்கும். பலர் இதை அழுக்கென்று நினைத்து வடித்து எறிந்துவிடுகிறார்கள். பொருள் பெரும்பாலும் வீணாவது அங்கேதான். நிறம் தரும் மாசுகள் நீரைவிட அந்த எண்ணெயில் எளிதாகக் கரையும். அப்படியே ஆறவிட்டால் அவையும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கட்டி பழுப்பாக வந்தது அதனால்தான்.

கொதிக்கும் நீர் 100 மி.லி.க்குச் சுமார் 5.5 கிராம் கரைக்கும். உங்கள் 5 கிராமுக்கு 90 மி.லி. போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் வடிக்கும்போது புனலிலேயே படிகம் விழுந்து அடைத்துக்கொள்ளும். 110 மி.லி. வையுங்கள், புனலையும் சூடாக்கிக்கொள்ளுங்கள். அதற்காக 200 மி.லி. ஊற்றிவிடாதீர்கள். அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகும் ஒவ்வொரு 100 மி.லி.யிலும் அரை கிராம் போலக் கரைந்தே நிற்கும்.

நிறம் இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு நிறத்தை உறிஞ்சும் கரித்தூள் 0.1 கிராம் போடுங்கள். கொதிக்கும்போதே போட்டால் பொங்கி வெளியே கொட்டும், கை வெந்துவிடும். 5 நிமிடம் கொதிக்கவிட்டு, மடித்த வடிதாளில் சூடாகவே வடியுங்கள். பிறகு மூடிவைத்து, அசைக்காமல் தானாக ஆறவிடுங்கள், பனிக்கட்டி கடைசியில்தான். படிகம் விழ மறுத்தால் கண்ணாடிக் கோலால் குடுவையின் உட்சுவரைக் கீறுங்கள், அல்லது தூய படிகம் ஒன்றைப் போடுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே உருகுநிலை பாருங்கள். ஈரம் இருந்தால் அளவு இறங்கி, நல்ல பொருளையே மாசு என்று தள்ளிவிடுவீர்கள்.

கே: ஆஸ்பிரினையும் இப்படியே கொதிநீரில் தூய்மைப்படுத்தலாமா?

ப: கூடாது. கொதிக்கக் கொதிக்கச் சாலிசிலிக் அமிலமாகச் சிதையும். குறைந்த அளவு எத்தனாலில் இளஞ்சூட்டில் கரைத்து, வெந்நீர் சேர்த்து ஆறவிடுங்கள். படிகத்தில் சிறிது எடுத்து ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் ஊதா நிறம் வரக் கூடாது; வந்தால் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது என்று பொருள்.

கே: பொருள் தூய்மையானது என்று உறுதியான பிறகும், மருந்து வேதியியல் ஆய்வு மையங்களில் படிகத்தின் வடிவத்தைத் தனியாக ஏன் ஆராய்கிறார்கள்?

ப: மூலக்கூறு ஒன்றே என்றாலும் அது அடுக்கப்படும் விதம் மாறினால் கரைதிறன் மாறும். எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிர் 1996-இல் விற்பனைக்கு வந்தது. 1998-இல் அதுவரை காணாத இரண்டாம் படிக வடிவம் தலைகாட்டியது. மிகக் குறைவாகவே கரைந்ததால் மாத்திரைக்கூடுகள் (கேப்சூல்கள்) கரைதல் சோதனையில் தவறின. அவற்றைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. புது வடிவத்தின் நுண்துகள் ஆலையில் பரவிய பிறகு பழைய வடிவத்தைத் தயாரிப்பதே பெரும்பாடாகிவிட்டது. மூலக்கூறு அதேதான் என்பதால் எந்தத் தனிமம் எவ்வளவு என்று பார்க்கும் உட்கூறுப் பகுப்பாய்வு இதைக் காட்டிக்கொடுக்காது. தூளின் மீது எக்ஸ்-கதிர் பாய்ச்சி, மூலக்கூறுகள் அடுக்கப்பட்ட விதத்தைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் தெரியும். அதனால் எந்தக் கரைப்பான், எந்த வெப்பநிலையிலிருந்து எவ்வளவு நேரத்தில் ஆறவிட்டது என்பதை ஒவ்வொரு தொகுதிக்கும் குறிப்பேட்டில் எழுதி, அந்தப் படத்தையும் கூடவே ஒட்டிவைக்க வேண்டும்.