அந்தச் சேலை என்ன விலை, தம்பி?

கேள்வி: "அம்மா, எனக்கு 51 வயது. மார்த்தாண்டம் பக்கம் சொந்த ஊர். 18 வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். மாடி வீடு, கார், நானே வாங்கின 2 ஏக்கர் ரப்பர் இருக்கிறது. ரோட்டோரம் 42 சென்ட், அது அப்பா வழி. அப்பா உயில் எழுதாமல் 2013-ல் தவறிவிட்டார். அடுத்த வருடமே அம்மாவும் அக்காவும் என் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளுக்குச் சொத்து கொடுக்கும் வழக்கம் இல்லை, நகை போட்டுத்தான் கட்டிக்கொடுத்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு ஒரு நல்ல சேலையும் எடுத்துக் கொடுத்தோம்.

போன மாதம் கன்வென்ஷன் கூட்டத்தில் ஒரு பிரசங்கியார் மாற்கு 10-ஐ, ஐசுவரியவான் தேவனுடைய ராஜ்யத்துக்குள் போவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்கிற பகுதியை, எடுத்துப் பேசினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சொத்து வைத்திருப்பதே பாவமா? என் மனைவி, 'ஆபிரகாமுக்கு இல்லாத ஆஸ்தியா? ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த ஒரு சின்ன வாசல்தான்' என்கிறாள். ஆலயத்துக்குக் கொடுக்கிற தசமபாகம் எனக்குத் தவறியதில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் இந்த வருடம் ஒரு ஏத்தன் வாழைக்குலையை 11,000 ரூபாய்க்கு எடுத்தேன். எல்லாவற்றையும் விற்று ஊழியத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அக்கா இப்போதெல்லாம் பண்டிகைக்குக்கூட வீட்டுக்கு வருவதில்லை. அது வேறு வருத்தம்."

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, ரப்பர் எத்தனை ஏக்கர், ரோட்டோரம் எத்தனை சென்ட், குலை எத்தனை ரூபாய் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சேலைக்கு மட்டும் விலை எழுதவில்லை. என்ன விலை?

நினைவில்லை என்றால் 5,000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டியே போடுகிறேன். உங்கள் அப்பா உயில் இல்லாமல் இறந்தவர். 1925-ம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவர் ஒருவர் அப்படி இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற பேதம் கிடையாது. 42 சென்டில் அம்மாவுக்கு 14, உங்களுக்கு 14, அக்காவுக்கு 14. 5,000-ஐ 14-ஆல் வகுத்துப் பாருங்கள். சென்டுக்கு 357 ரூபாய். மார்த்தாண்டம் பக்கம், ரோட்டோரத்தில்! ஆலயத்து வாழைக்குலைக்கு 11,000, அக்காவின் மண்ணுக்கு சென்டுக்கு 357.

இதை வைத்துக்கொண்டு சொத்து வைத்திருப்பது பாவமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வி எனக்கு மாதம் இரண்டு தடவையாவது வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் கையில் நாலு காசு உள்ளவர்கள்தான். பெரிய கேள்வியாகக் கேட்டால் பெரிய பதிலாக வரும், அதில் சின்னக் கணக்குகள் மறைந்துபோகும் என்று ஒரு சௌகரியம்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். சொத்து வைத்திருப்பதே பாவம் என்று வேதம் சொல்லவில்லை. நிலத்தை விற்றுப் பணத்தில் ஒரு பங்கை ஒளித்த அனனியாவிடம் பேதுரு கேட்டது என்ன? "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ?" விற்காமல் இருந்திருந்தாலும் குற்றமில்லை, பொய் சொன்னதுதான் குற்றம். லூக்கா 18-ல் ஒரு பணக்காரனிடம் எல்லாவற்றையும் விற்கச் சொன்ன ஆண்டவர், 19-ல் வரி வசூல்காரன் சகேயு பாதியைக் கொடுக்கிறேன் என்றபோது மீதிப் பாதி எங்கே என்று கேட்கவில்லை. ஆனால் சகேயு அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னான்: "நான் ஒருவனிடத்தில் எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்." உங்கள் கடிதத்தில் விற்பது இருக்கிறது, கொடுப்பது இருக்கிறது. இந்தத் திரும்பச் செலுத்துவது மட்டும் இல்லை.

உங்கள் மனைவி சொன்ன ஊசி வாசல் கதையையும் இங்கேயே முடித்துவிடுவோம். எருசலேமில் அப்படி ஒரு வாசல் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. பின்னால் வந்தவர்கள் வசதியாகச் சொன்ன விளக்கம் அது. வாசலாக இருந்திருந்தால் சீஷர்கள் ஏன் மலைத்துப்போய் "அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்" என்று கேட்டார்கள்? சுமையை இறக்கிவிட்டுக் குனிந்து போ என்று சொல்லியிருக்கலாமே. ஊசி ஊசிதான், ஒட்டகம் ஒட்டகம்தான்.

கன்வென்ஷனில் கேட்ட அந்த மாற்கு 10-ஐ வீட்டில் எடுத்து 19-ம் வசனத்தை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். அந்த ஆஸ்தியுள்ள மனுஷனுக்கு ஆண்டவர் கற்பனைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கொலை, விபசாரம், களவு, பொய்ச்சாட்சி. இவையெல்லாம் பத்துக் கட்டளையில் உள்ளவை. அப்புறம் நடுவில் ஒன்று வருகிறது: "வஞ்சனைசெய்யாதிருப்பாயாக." பத்துக் கட்டளையை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், அந்த வாசகம் அதில் இல்லை. இதே சம்பவத்தை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள், அவர்களிடமும் இல்லை. மாற்கு மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறார். சொத்துக்காரன் ஒருவன் முன்னால் முழங்காலிட்டு நிற்கும்போது ஆண்டவருக்கு இது ஏன் வாயில் வந்தது? உங்களுக்குத் தூக்கம் போனது எந்த வசனத்தில் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒட்டகத்தில் இல்லை என்று நினைக்கிறேன்.

"எங்கள் பக்கம் வழக்கம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் கல்குளம் தாலுகாக்காரிதான், அந்த வழக்கத்தின் பூர்வீகம் எனக்கும் தெரியும். திருவிதாங்கூரில் 1916-ல் கிறிஸ்தவர்களுக்கு என்று ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள். மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று, இல்லாவிட்டால் 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்தாகிவிட்டால் அதுவும் இல்லை. 1956-ல் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது இந்தப் பழக்கமும் கூடவே சேர்ந்து வந்தது. கோட்டயத்தில் மேரி ராய் என்கிற ஒரு பெண் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1925 சட்டம்தான் செல்லும் என்று 1986-ல் தீர்ப்பு வந்தது. மகளுக்குச் சம பங்கு என்று நீதிமன்றம் சொன்னதற்குச் சபைப் பெரியவர்கள் சிலரே முகம் சுளித்தார்கள், அந்த வெட்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். உங்கள் அப்பா தவறியது 2013-ல். செல்லாது என்று தீர்ப்பாகி 27 வருடம் ஆன சட்டத்தை அக்காவிடம் காட்டியிருக்கிறீர்கள். சேலைக்கு நான் உத்தேசமாகப் போட்ட 5,000-மும் அந்தச் சட்டத்தின் 5,000-மும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், ஆனால் என்ன பொருத்தம் பாருங்கள்.

இன்னொன்று. அக்காவுக்கு உரிமையே இல்லை என்றால் கையெழுத்து எதற்கு வாங்கினீர்கள்? இல்லாத பங்குக்கு யாராவது விடுதலைப் பத்திரம் எழுதுவார்களா? உரிமை உண்டு என்று உங்களுக்குத் தெரியும், பத்திர எழுத்தருக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

"அக்கா ஒன்றும் கேட்கவில்லை" என்கிறீர்களே, அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் 1991-ல் கையெழுத்துப் போட்டவள். தீர்ப்பு வந்து 5 வருடம் ஆகியிருந்தது, பேப்பரில் படித்தும் இருந்தேன். பத்திர எழுத்தர் மழை பெய்கிற வேகத்தில் வாசித்தார். "யாருடைய தூண்டுதலும் இன்றி, முழு மனதுடன்" என்ற இடத்தில் மட்டும் அண்ணன் வெளியே எட்டிப் பார்த்தார், ஆட்டோ நிற்கிறதா என்று. பெருவிரலில் மை தடவி உருட்டினார்கள். அதைத் துடைக்கத் துணி கிடையாது. வாசல் பக்கத்துச் சுவரில் கை எட்டுகிற உயரத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு பெரிய திட்டு, வந்தவர்கள் எல்லாம் விரலைத் துடைத்த இடம். நானும் அங்கேதான் துடைத்தேன். திரும்பும் வழியில் அண்ணன் எனக்கு ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்தார், 5 லிட்டர். அவர் கெட்ட மனிதர் இல்லை, இன்றைக்கும் சொல்வேன். நான் ஏன் கேட்கவில்லை? கேட்டால் அந்த வீட்டுக்குள் நான் நுழைகிற விதம் மாறிவிடும். கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிற்க எனக்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலுக்குத்தான் நான் விலை கொடுத்தேன், அண்ணனுக்கு அது தெரியாது.

உங்கள் அக்காவும் அந்த விலையைக் கொடுத்திருக்கிறாள். கொடுத்த பிறகும் பண்டிகைக்கு வருவதில்லை. இதைப் போய் "வேறு வருத்தம்" என்று கடைசி வரியில் ஒதுக்கி எழுதியிருக்கிறீர்கள். எது வேறு? அந்த 42 சென்டைத் தாண்டித்தானே அவள் வீட்டுக்கு வர வேண்டும்?

மத்தேயு 5 உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்து, "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகிவிட்டு வா. உனக்கு அவன் மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? குறை அவனுக்கு இருந்தாலே போதும். அந்தக் குலையை ஏலத்தில் தோளில் தூக்கிக்கொண்டு நின்றபோது ஆலயத்தில் எல்லாரும் கை தட்டியிருப்பார்கள். அக்காவுக்கு எத்தனை பேர் கை தட்டினார்கள்?

நீங்கள் எல்லாவற்றையும் விற்று ஊழியத்துக்குக் கொடுக்க நினைப்பதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்தது. அக்காவின் 14 சென்டையும் சேர்த்து விற்றுக் காணிக்கை என்று வைப்பீர்களா? மாற்கு 10-க்கு மூன்று அதிகாரம் முன்னால் போய்ப் பாருங்கள். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவினவர்களை ஆண்டவர் என்ன பாடு படுத்துகிறார் என்று. நாலாம் நூற்றாண்டில் செசரியாவில் ஆயராக இருந்த பசிலியார், களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரன் கதையை வைத்து ஒரு பிரசங்கம் செய்தார். நீ பூட்டி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பெட்டியில் கிடக்கும் உடை உடையில்லாதவனுடையது என்பது அவர் வாதம். ஆண்டவர் அந்தக் கதையைச் சொன்னதே சொத்தைப் பாகம்பிரித்துத் தராத ஒரு அண்ணன் தம்பி சண்டையைக் கேட்டுத்தான். 'ஆண்டவரே பாகம்பிரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்' என்று அந்தப் பகுதியைத் தங்கைமாருக்கு எடுத்துக் காட்டுகிற அண்ணன்மார் நம் ஊரில் உண்டு. அவர்கள் அடுத்த வசனத்தைப் படிப்பதில்லை. பொருளாசையைக் குறித்த எச்சரிக்கை அங்கேதான் இருக்கிறது.

அம்மா எங்கே இருக்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லை. உங்களோடுதான் இருப்பார் என்று எடுத்துக்கொள்கிறேன். தன் 14 சென்டை அம்மா உங்களுக்குக் கொடுத்தது அவர் இஷ்டம். கடைசி வரை வைத்துப் பாருங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். அக்காவினுடையதைத் திருப்பிக் கொடுங்கள். சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது, அவள் பதிவு செய்து கொடுத்துவிட்டாள். உங்கள் மேல் வழக்கும் போட மாட்டாள். அதனால்தான் இது உங்கள் தலையில் நிற்கிறது. பங்கைப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், இன்றைய விலையா, 2014 விலையா என்ற பேரம் உடனே ஆரம்பிக்கும். மண்ணாகவே எழுதிக் கொடுங்கள், பின்பக்கத்து 14 இல்லை, ரோட்டைப் பார்த்த முகப்பிலும் அவளுக்கு அகலம் வருகிற மாதிரி அளந்து.

முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். கோபப்படுவார், படட்டும். ஆனால் அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். அவருடைய அண்ணன் தம்பிமார் அவரிடம் என்ன கையெழுத்து வாங்கினார்கள் என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பலாம். அக்கா வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், போதகரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், இது ஜெபக்கூட்டம் இல்லை. கையில் ஒன்றும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். முக்கியமாகச் சேலை. "வேண்டாம்டா, இருக்கட்டும்" என்று அக்கா சொல்வாள். பத்து வருடத்துக்கு மேல் மனசில் வைத்திருந்தவள் முதல் தடவையே சரி என்று சொல்ல மாட்டாள். அதைக் கேட்டு நிம்மதியாகத் திரும்பி வந்துவிடாதீர்கள், அடுத்த வாரமும் போங்கள். அத்தான் நாலு வார்த்தை கடுமையாகப் பேசினால் கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

மற்றபடி காரை விற்க வேண்டாம். அக்காவையும் அம்மாவையும் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போக அது வேண்டும். பெருவிரலைத் துடைக்க ஒரு நல்ல துணியும் வண்டியில் எடுத்து வையுங்கள்.