எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக் கோடு: இலையைக் கிள்ளலாமா?

தளிரில் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி கோடு விழுந்து இலை சுருள்கிறது, கிள்ளிவிடலாமா, மற்ற செடிகளுக்குப் பரவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து கிள்ளாதீர்கள். இது இலைத்துளைப்பான், அறிவியல் பெயர் பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. இறக்கையை விரித்தாலே சுமார் 8 மி.மீ. தான் இருக்கும், வெள்ளி நிற அந்துப்பூச்சி. தளிரிலையில் ஒவ்வொரு முட்டையாக, பனித்துளி போல ஒட்டிவைக்கும்.

இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கோட்டின் நடுவே ஓடும் கறுப்பு இழை புழுவின் எச்சம். கோடு அகலமாகி முடிகிற இடத்தில் 3 மி.மீ. நீளத்துக்குள் மஞ்சளும் பச்சையும் கலந்த புழு கண்ணாடி மாதிரிக் கிடக்கும். அது தின்பது மேல்தோலை மட்டும்தான். உள்ளே பச்சையம் பிழைத்திருப்பதால் அந்த இலை செடிக்கு இன்னும் உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கும். கிள்ளினால் செடி மறுபடி தளிர்விடும். பூச்சிக்கு வேண்டியதே அந்தத் தளிர்தான். அடிக்கடி கவாத்து செய்வதும் தழைச்சத்தை அள்ளிப் போடுவதும் இதே தப்பு.

கடைசியில் புழு இலை ஓரத்தை மடித்து அதற்குள் கூட்டுப்புழுவாகிவிடும். நல்ல வெப்பம் இருந்தால் முட்டையிலிருந்து பூச்சி வரை இரண்டே வாரம்.

நான்கு வயது தாண்டிய மரத்துக்குப் பொதுவாக எதுவும் தெளிக்க வேண்டியதில்லை. இளங்கன்றுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும்: 50 கிராம் பருப்பை இடித்து 1 லிட்டர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டி, 2 கிராம் சோப்பு கலந்து, மாலையில் தளிரின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். தளிர் நகக்கண் அளவு இருக்கும்போதே தொடங்கி, இலை முற்றும் வரை வாரம் ஒருமுறை. பலரும் கோட்டைப் பார்த்த பிறகுதான் மருந்தைத் தூக்குகிறார்கள். அப்போது புழு தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கும்; மேலே படும் மருந்து அதைத் தேடிவரும் ஒட்டுண்ணிக் குளவிகளைத்தான் கொல்லும். சொறிநோய் உள்ள தோட்டத்தில் மட்டும் கூடுதல் கவனம் தேவை, கிழிந்த தோல் வழியாக அந்த நோயை உண்டாக்கும் பாக்டீரியா எளிதாக நுழைந்துவிடும்.

பரவுவது எலுமிச்சைக் குடும்பத்துக்குள்தான்: நாரத்தை, சாத்துக்குடி, ஆரஞ்சு, பம்பளிமாஸ், வில்வம். தக்காளியிலும் அவரையிலும் இதேபோல வளைந்து வளைந்து கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் ஒரு சின்ன ஈயின் புழு வேலை, எலுமிச்சையிலிருந்து போனதல்ல.