கார் கழுவிய பின் வெள்ளைப் புள்ளிகள்: டிரையிங் ஸ்ப்ரே மட்டும் போதுமா?

கேள்வி: என்னுடையது கறுப்பு நிற கார். ஷாம்பூ போட்டு, நன்றாக அலசி, நிழலில் தானாகக் காயவிடுகிறேன். அப்படியும் பானெட்டில் வட்ட வட்டமாக வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. டிரையிங் ஸ்ப்ரே அடித்தால் துடைக்காமலேயே விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. துடைக்காமல் விட்டால் சில இடங்களில் புள்ளி இன்னும் அழுத்தமாக விழும். கழுவிய காரைத் துடைக்கும் முன் ஈரத்தின் மேல் அடிக்கும் அந்த ஸ்ப்ரே துணிக்குத் துணை, மாற்று அல்ல.

புள்ளியாகத் தெரிவது தண்ணீரில் கரைந்திருந்த உப்புதான். கால்சியம், மக்னீசியம் உப்புகள் பெரும்பங்கு; கொஞ்சம் சிலிக்காவும் இருக்கும். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் இதே கால்சியம் கார்பனேட்தான். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. துளியின் விளிம்பு முதலில் காய்வதால் உள்ளிருக்கும் நீர் விளிம்பை நோக்கி ஓடி, உப்பையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வட்ட வளையம் வருவது அதனால்தான். நிழலில் காயவைத்தால் காய்வது தாமதமாகுமே தவிர, உப்பின் அளவு குறையாது.

கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 300 என்றால் ஒரு லிட்டரில் 300 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது. அலசி முடித்ததும் காரின் மேல் 200 மில்லி தண்ணீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது அப்படியே காய்ந்தால் 60 மில்லிகிராம் உப்பு பெயின்ட்டில் படியும். துணியால் ஒற்றி எடுத்து 10 மில்லி மட்டுமே மிச்சம் வைத்தால் 3 மில்லிகிராம். ஆக, தண்ணீர் காய்வதற்கு முன் அதைக் காரிலிருந்து இறக்கிவிடுவதுதான் முழு வேலையும். ஸ்ப்ரே உதவுவது இந்த இடத்தில்தான்.

பெரும்பாலான டிரையிங் ஸ்ப்ரேக்களில் சிலிக்கோன் வகைப் பாலிமரோ மெழுகோ நீரில் கலந்திருக்கும். ஈரமான பெயின்ட்டில் இது ஒட்டிக்கொண்டதும், படலமாகப் பரவிக் கிடந்த நீர் உடைந்து துளிகளாகத் திரளும். கதவு, ஃபெண்டர் போன்ற செங்குத்தான பகுதிகளில் அந்தத் துளிகள் வழிந்து இறங்கிவிடும். பானெட், ரூஃப், டிக்கி ஆகியவை ஏறக்குறையத் தட்டையானவை. அங்கே துளிகள் உருண்டு நிற்கும். ஒவ்வொன்றும் காய்ந்து அடர்த்தியான ஒரு புள்ளியை விட்டுப்போகும். துடைக்காமல் விடக்கூடாது என்றது இதனால்தான். இன்னொரு பலன், துணி வழுக்கிக்கொண்டு போவது. கறுப்பு பெயின்ட்டில் மெல்லிய கீறல்கள் சட்டென்று தெரியும் என்பதால் இந்தப் பலனைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

செய்முறைக்கு வருவோம். புறங்கையால் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கழுவத் தொடங்காதீர்கள். ஷாம்பூவை அலசி முடிக்கும்வரை எந்தப் பகுதியும் காயக்கூடாது, வெயில் அதிகமென்றால் பகுதி பகுதியாகக் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு ஹோஸின் முனையில் உள்ள ஸ்ப்ரே கன்னைக் கழற்றிவிட்டு, மெதுவான நீரோட்டத்தை மேலிருந்து கீழாக விடுங்கள். பீய்ச்சி அடித்தால் துளிகள் சிதறும். மெதுவாக ஓடும் நீர், நின்றிருக்கும் நீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு இறங்கும். இது செலவில்லாத வழி, பலரும் விட்டுவிடும் வழியும்கூட.

பிறகு ஈரம் இருக்கும்போதே ஒரு கதவுக்கு 1 அல்லது 2 முறை, பானெட்டுக்கு 3 முறை ஸ்ப்ரே செய்தால் போதும். முழுக் காருக்கும் 20 முதல் 30 மில்லிக்கு மேல் தேவைப்படாது. கெட்டியான கரைசலாக வாங்கியிருந்தால் லேபிளில் உள்ள அளவுப்படி நீர் சேர்த்துக்கொள்ளுங்கள். அகலமான மைக்ரோஃபைபர் துணியை பானெட்டின் மேல் விரித்து, அழுத்தாமல் உங்கள் பக்கம் இழுங்கள். நீரை உறிஞ்ச முறுக்கு இழைத் துணி நன்றாக இருக்கும். ரூஃப், கண்ணாடிகள், பானெட், டிக்கி, கடைசியில் பக்கங்கள் என்று இறங்குங்கள். மிச்ச ஈரத்துக்கு இரண்டாவதாக ஒரு உலர்ந்த துணி வேண்டும். சைடு மிரர், கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் நீர் பத்து நிமிடம் கழித்து வழியும். ப்ளோயர் இருந்தால் துடைப்பதற்கு முன்பே அங்கெல்லாம் ஊதிவிடுங்கள்.

துடைத்த பிறகும் கோடு கோடாகத் தெரிந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள்: ஸ்ப்ரே அதிகம், பெயின்ட் சூடு, துணி நனைந்து ஊறிவிட்டது. துணியைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்டனர் சேர்த்தால் இழைகளில் படலம் படிந்து, நீரை உறிஞ்சாது. முன்கண்ணாடியில் சிலிக்கோன் படிந்தால் மழையில் மங்கலாகும், வைப்பரும் அதிரும். அதனால் அங்கே ஸ்ப்ரே வேண்டாம். பிரேக் டிஸ்க்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. மேட் பெயின்ட்டுக்குத் தனியாகத் தயாரித்ததையே வாங்குங்கள்.

தண்ணீரையும் ஒருமுறை டி.டி.எஸ். மீட்டரால் சோதித்துவிடுங்கள். நீரை மென்மையாக்கும் கருவி கால்சியத்துக்குப் பதில் சோடியத்தைச் சேர்க்கிறது, டி.டி.எஸ். ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். புள்ளி விழும், ஆனால் எளிதாகத் துடைபடும். ஆர்.ஓ. கருவியின் கழிவு நீரில் உப்பு செறிந்திருக்கும்; அதைக் கடைசி அலசலுக்குப் பயன்படுத்தவே கூடாது. உப்பு முழுக்க நீக்கிய நீர் சில லிட்டர் கிடைத்தால் கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிகளை டிரையிங் ஸ்ப்ரே போக்காது. வெள்ளை வினிகரும் உப்பு நீக்கிய நீரும் சமபங்கு கலந்து, அதில் நனைத்த துணியைக் குளிர்ந்த பெயின்ட்டில் ஒரு நிமிடம் வைத்து, மெதுவாகத் துடைத்து, உடனே அலசுங்கள். குரோம், அலுமினியப் பாகங்களில் வைக்காதீர்கள். வினிகர் பூசிய இடத்தில் மெழுகுப் பூச்சும் குறைந்திருக்கும், அங்கே மறுபடி பூசிவிடுங்கள். அதற்கும் போகாத வளையம், பெயின்ட்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை அரித்திருக்கும். அதைப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். பாலிஷ் கிளியர் கோட்டைத் தேய்த்து மெலிதாக்கும் என்பதால், மென்மையான பாலிஷில் தொடங்கி, புள்ளி உள்ள இடத்தில் மட்டும் போடுங்கள்.