கல்லும் ஊரியும்

கேள்வி: 2020இல் கொரோனா உச்சத்தில் நின்ற நேரத்திலும் அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தினார்கள். நம்முடைய கல்லூரிகளில் ஒரேயடியாக நிறுத்தினார்கள். எது சரி? நாளைக்கு இன்னொரு பெருந்தொற்று வந்தால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தலாமா, கூடாதா? வழக்கம்போல வளைக்காமல் ஒரே வார்த்தையில் பதில் தரவும்.
– முன்னாள் கோல்கீப்பர், பெரியகல்லாறு

பதில்: கல்லூரி.

ஒரே வார்த்தை கேட்டீர்கள், தந்துவிட்டேன். இனி வருவதெல்லாம் இலவச இணைப்பு.

கல்லூரி நல்ல பழைய சொல். சீவக சிந்தாமணியிலேயே இருக்கிறது, கொட்டில் என்ற சொல்லோடு சேர்ந்து. கல்லூரி என்றால் கொட்டில்தான் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சில இடங்களில் இந்த இலக்கிய மரபை இன்றைக்கும் விடாமல் காப்பாற்றி வருகிறார்கள். ஆனால் என் கட்சிக்குச் சாட்சி இலக்கியம் அல்ல, கடற்கரை. நம் பக்கத்தில் கல் என்றால் முருகைக்கல், கடலில் எடுக்கும் பவளக்கல். ஊரி என்றால் பிள்ளைகள் கரையில் பொறுக்கும் சிப்பி. இரண்டையும் சூளையில் அடுக்கிச் சுட்டு நீற்றினால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு இல்லாமல் மைதானத்தில் கோடு கிடையாது. கோடு இல்லாவிட்டால் நீங்கள் எத்தனை கோல் விட்டீர்கள் என்பதற்குச் சாட்சியும் கிடையாது. ஆக, கல்லும் ஊரியும் சேர்ந்ததே கல்லூரி. விளையாட்டு இல்லாத இடத்துக்கு அந்தப் பெயரை வைக்க இலக்கணம் இடம் கொடாது. ‘மட்டக்களப்பு’ என்ற பெயருக்கு நான் சொன்ன விளக்கத்தை மறுத்து நாலு பக்கக் கடிதம் எழுதிய பண்டிதர் இதற்கும் எழுதுவார். எழுதட்டும், முத்திரைச் செலவு அவருடையது.

சரி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கல்லூரிகள் ஒளிந்திருக்கின்றன. நம் ஊரில் பாடசாலைக்கும் கல்லூரி என்று பெயர், மூக்கு வடியும் ஆறு வயதுப் பிள்ளையும் கல்லூரிக்குத்தான் போகிறது. அமெரிக்காவில் கல்லூரி என்றால் மீசை முளைத்தவர்கள் படிக்கும் பல்கலைக்கழகம். அங்கே கல்லூரி ஃபுட்போல் என்று ஒன்று இருக்கிறது. காலுக்கும் பந்துக்கும் சந்திப்பு அபூர்வம், கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். மட்டக்களப்பு நகரத்தார் அத்தனை பேரையும் கொண்டுபோய் இருத்தினாலும் கச்சான் கடலைக்காரன் நடக்க இடம் மிஞ்சும்.

அந்த மிச்சிகனும் இருக்கிற கூட்டமைப்புக்குப் பெயர் பிக் டென். பெயரில் பத்து, அப்போது உள்ளே இருந்தவை பதினான்கு பல்கலைக்கழகங்கள். கணக்குப் பாடம் பற்றி நாம் பேச வேண்டாம். 2020 ஓகஸ்ட் 11ஆம் திகதி, வீரர்களின் உடல்நலம் முக்கியம், தொற்றுக்குப் பிறகு இதயத் தசையில் அழற்சி வரலாம் என்று சொல்லிப் பருவத்தைத் தள்ளி வைத்தார்கள். நல்ல காரியம். செப்டெம்பர் 16ஆம் திகதி, இல்லை, விளையாடுகிறோம் என்றார்கள். இதயம் ஐந்து கிழமைக்குள் சுகமாகிவிட்டது. இறுதிப் போட்டிக்கு வர ஆறு ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஒகாயோ ஸ்டேட் அணிக்குத் தொற்றால் ஆட்டங்கள் ரத்தாகி ஐந்துதான் தேறியது. டிசெம்பரில் விதியையே தூக்கிவிட்டார்கள். அப்படி ஏறிப்போன அந்த அணி 2021 ஜனவரி 11ஆம் திகதி தேசிய இறுதி ஆட்டத்தில் அலபாமாவிடம் 52–24 என்று வாங்கிக்கட்டிக்கொண்டது வேறு கதை.

எல்லாரும் இப்படி என்று சொல்லக்கூடாது. ஹார்வர்ட், யேல் இருக்கிற ஐவி லீக் ஜூலையிலேயே கடையைப் பூட்டிவிட்டது. ஆனால் சப்பல் ஹில்லில் இருக்கிற வட கரோலினா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஓகஸ்டில் வகுப்புகள் தொடங்கி ஒரு கிழமைக்குள் தொற்று பரவியது, வகுப்புகளை இணையத்துக்கு மாற்றினார்கள். ஃபுட்போல் அணி மட்டும் மைதானத்தில் நின்றது. படிப்புத் தொற்றும், பந்து தொற்றாது.

காரணம் தொலைக்காட்சிப் பணம் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பணத்தில் விளையாடிய பையனுக்கு அப்போது சம்பளம் இல்லை, புலமைப்பரிசில் மட்டும். தன் பெயரையும் முகத்தையும் வைத்து அவன் சம்பாதிக்கலாம் என்று சம்மதித்ததே 2021 ஜூலையில்தான். அதற்கு முன்பே அலபாமாவின் பயிற்றுநர் நிக் சேபனுக்கு ஆண்டுக்கு 90 இலட்சம் டொலருக்கு மேல். 2020 நவம்பரில் அவருக்குக் கொரோனா வந்தது. பரம வைரியான ஓபர்ன் அணியோடு நடந்த ஆட்டத்தை அவர் வீட்டில் இருந்து தொலைக்காட்சியில் பார்த்தார். அணி 42–13 என்று வென்றது. 90 இலட்சம் டொலர்க்காரர் வீட்டில் இருந்தாலும் நடக்கிற காரியம்தான் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. நம் ஊரில் விளையாட்டு ஆசிரியர் விசிலைத் தன் சல்லியில் வாங்குகிறார். அவர் ஒரு நாள் லீவு எடுத்தால் பிராக்டிஸ் நின்றுவிடும்.

அமெரிக்கா என்றாலே இப்படித்தான் என்று எழுதிவிட்டு என்னால் மட்டக்களப்பு வெபர் மைதானத்தைக் கடந்து போக முடியாது. அந்த மைதானத்துக்குப் பெயர் தந்த ஹரோல்ட் வெபர் அடிகளாரும் அமெரிக்கர்தான், இயேசு சபைத் துறவி. புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹேபியர் அடிகளார் லூசியானாக்காரர், 1948இல் இங்கே வந்தவர். அவர்களுக்குத் தொலைக்காட்சிப் பணம் ஒன்றும் வரவில்லை. நமக்குத்தான் ஒரு விளையாட்டு வந்தது. 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார் ஹேபியர் அடிகளார், பின்னால் ஒரு தமிழ்ப் பையன், இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை இல்லை. போர் நடந்த அந்த ஆண்டு நம் கல்லூரிகளின் விளையாட்டை எந்தக் கிருமி நிறுத்தியது என்று யாரும் பட்டிமன்றம் வைக்கவில்லை. கல்லூரிகள் அகதி முகாம்களாக இருந்தன.

எங்கோ போய்விட்டேன். நோய்க்கு வருகிறேன்.

நோய் வந்தால் விளையாட்டை நிறுத்து என்பது புதுப் புத்தி. நம் ஊர்ப் பழைய புத்தி நேர் எதிர்: நோய் வந்தால் விளையாடு. மழை பொய்த்து, அம்மாள் வருத்தம் என்கிற அம்மை நோய் ஊருக்குள் இறங்கினால் கண்ணகியின் கோபத்தைத் தணிக்கக் கொம்பு முறித்தார்கள். ஊர் இரண்டாகப் பிரியும், வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரண்டு பக்கமும் இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. வென்றவர்கள் தோற்றவர்களுக்குப் பாடும் வசைப்பாட்டு இருக்கிறதே, அதை இங்கே அச்சிட்டால் அடுத்த இதழ் வராது.

பார்த்தீர்களா நம் முன்னோரை என்று உடனே இதை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாதீர்கள். கொம்பு முறித்த அதே ஊரில்தான் அம்மாள் வந்த வீட்டுப் படலையில் வேப்பிலை தொங்கியது. அந்த வீட்டுக்குள் வெளியார் போகமாட்டார்கள். வேப்பிலையைக் கண்டால் என் அம்மம்மா றோட்டின் மறுகரைக்கு மாறி நடப்பா, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு. பிஎச்ஐ என்கிற சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லித் தெரியவேண்டிய மனுசி இல்லை அவ. விளையாட்டும் நடந்தது, வேப்பிலையும் கட்டினார்கள். கயிறு இழுத்தவன் வீட்டில்தான் வருத்தமும் இருந்தது. எங்கோ குளிரூட்டிய அறையில் இருந்து ஒருவன் அவனை இழு என்று சொல்லவில்லை.

இனி நம் 2020. மார்ச் 13ஆம் திகதியிலிருந்து பாடசாலைகளை மூடினார்கள். அதே 12, 13, 14ஆம் திகதிகளில் கொழும்பில் ராயல்–தோமியன் கல்லூரிக் கிரிக்கெட் போட்டி மூன்று நாளும் கூட்டத்தோடு நடந்தது. பார்க்கப் போன ஒருவருக்குத் தொற்று என்று பிறகு தெரிய வந்தது. இங்கே புணானையில், மாணவர் ஒருவரும் வந்து சேராத கம்பஸில், வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்தார்கள். நவம்பரில் அம்பாந்தோட்டையில் எல்பிஎல் கிரிக்கெட் தொடங்கியது. நம் பிள்ளைகள் அப்போது குளக்கட்டில் ஏறி நின்று சூம் வகுப்புக்குச் சிக்னல் தேடிக்கொண்டிருந்தார்கள். பந்து தொற்றாது என்பதை நம்மவர்களும் கண்டுபிடித்திருந்தார்கள், பந்துக்கு அனுசரணையாளர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அமெரிக்காக்காரன் பணத்துக்காகப் பிள்ளைகளை இறக்கினான் என்று திட்ட எனக்கு யோக்கியதை உண்டா என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மார்ச்சில் ஒரு கல்லூரியின் பிக் மெட்ச் (எதிர்க் கல்லூரியோடு ஆண்டுதோறும் ஆடும் கிரிக்கெட்) மலர் என் அச்சகத்தில் இருந்தது. 500 பிரதி. அட்டை நாலு வர்ணம். உள்ளே ஒன்பது ஆசிச் செய்திகள், ஒன்பதிலும் ‘மட்டற்ற மகிழ்ச்சி’. நடுப்பக்கத்தில் அணியின் படம். வெட்டி, தைத்து, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்த கிழமையில் பாடசாலை மூடியாயிற்று, பின்னாலேயே ஊரடங்கு. மற்றவர்கள் மரண எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்தபோது நான் அந்தப் போட்டி எப்படியாவது நடக்க வேண்டும், பார்வையாளர் இல்லாமலாவது நடக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தேன். பிக் டென் தலைவர்களுக்கும் எனக்கும் தொகையில்தான் வித்தியாசம்.

பிறகு பில்லோடு போனேன். பழைய மாணவர்கள் சொன்ன தர்க்கம் இது: போட்டி நடக்கவில்லை. ஆகவே மலர் வெளியிடப்படவில்லை. வெளியிடப்படாத மலர் மலர் அல்ல. மலர் இல்லாததற்குப் பில் எப்படி? எந்தக் கல்லூரி என்று சொல்லமாட்டேன், இரண்டு பக்கத்தாரும் என் கடையில் கலியாணக் கார்ட் அடிக்கிறவர்கள். தர்க்கம் படிப்பித்த ஆசிரியரை மட்டும் பாராட்டுகிறேன்.

நிறுத்தியது பிழை என்று நான் சொல்லவில்லை, கோல்கீப்பரே. வீட்டுக்கு வீடு கிழவன் கிழவிகள் இருந்தார்கள், ஆறு வயதுப் பிள்ளையும் அதே மைதானத்தில்தான் நின்றது. என் கோபம், நிறுத்தியவர்கள் நிலுவையைத் தீர்க்கவில்லை என்பது. என் நிலுவையைச் சொல்லவில்லை (அதையும்தான்). அமெரிக்காவில் அத்தனை பேராசைக்கு நடுவிலும் ஒரு காரியம் செய்தார்கள். என்சிஏஏ என்கிற அவர்களுடைய சங்கம், தொற்றில் போன பருவத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தப் பிள்ளைகள் இன்னும் ஓராண்டு விளையாடலாம் என்றது. 2020 மார்ச்சிலேயே அந்தப் பேச்சை எடுத்துவிட்டார்கள். பணம் தின்னிகளுக்குக்கூட ஓராண்டை எடுத்தால் ஓராண்டைத் திருப்பித் தர வேண்டும் என்று தெரிந்திருந்தது. நம் நடுப்பக்கத்தில் நின்ற பதினைந்து பேருக்கு அப்படி ஒன்றும் வரவில்லை. மறுபடி சுண்ணாம்புக் கோடு போட்டபோது பாதிப் பேருக்கு வயது கடந்திருந்தது.

2022இல் பெற்றோல் வரிசை என் அச்சக வாசல் வரை நீண்ட ஒரு நாள், ஒருவன் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு உள்ளே வந்தான். “ஐயா, அந்த மெட்ச் மலர் ஒண்டு இரிக்கா?”

ஒன்றா? நானூற்றுச் சொச்சம் இருந்தது. மிச்சம் முன்னால் உள்ள வடைக் கடைக்குப் போயிருந்தது. தூசி தட்டிக் கொடுத்தேன். நின்றபடியே நடுப்பக்கத்தை விரித்தான். பின்வரிசையில் இடப்பக்கம் இருந்து மூன்றாவது ஆள், தொப்பி முகத்தை மறைக்கிறது. பெருவிரலால் அதைத் தடவினான். தொப்பியைக் கழற்று என்று படம் பிடித்தவன் சொல்லியிருக்கலாம். ஓப்பனிங் பேட்ஸ்மனாம். அடுத்த மாதம் கட்டாருக்குப் போகிறானாம். அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு எடுத்தான். காசு வேண்டாம் என்றேன். வெளியே வரிசை நகரும் சத்தம் கேட்டது, ஓடிவிட்டான்.

பிறகு பார்த்தால் மேசையில் கத்தரிக்கோலுக்குக் கீழே இருநூறு ரூபாய். அந்த மலருக்கு இதுவரை வந்த வரவு அவ்வளவுதான்.