கடைசி ஆள் எத்தனை மணிக்குத் தரையில் நிற்க வேண்டும்?

மலேசியாவின் கோல குபு பாரு பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த காலத்தில் விக்டோரியா மாநிலத்துப் பிரைட் என்ற ஊரில், இறக்கைக்குக் கீழே படுத்துத் தொங்கிப் பறக்கும் ஹேங் கிளைடர் ஓட்டப் பழகி, இறக்கையையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார். ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை ஐந்து பேர் சேர்ந்து பறக்கப் போகிறார்களாம். இரண்டு பேருக்கு ஹேங் கிளைடர், மூன்று பேருக்குத் துணி இறக்கையின் கீழ் உட்கார்ந்து பறக்கும் பாராகிளைடர். "போன தடவை காத்திருந்தே நேரம் போய்விட்டது, மூன்று பேர் பறப்பதற்குள் மழை வந்துவிட்டது. பறக்கும் நாளை எப்படித் திட்டமிடுவது? பறந்ததை எப்படி எழுதி வைப்பது? பயிற்சி முடித்துச் சில மாதங்களே ஆன என் தம்பியையும் கூட்டி வரலாமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

முதலில் ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள் தம்பி. கடைசி ஆள் இறங்கி, உடலை இறக்கையோடு மாட்டும் ஹார்னஸைக் கழற்றிவிட்டுத் தரையில் நிற்கிற நேரம் அது. ஏப்ரலில் உங்கள் ஊருக்கு நான் பகல் 1 மணி என்று வைப்பேன். குன்றுக்கு எப்போது போவது, யார் முதலில் ஏறுவது எல்லாம் அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வர வேண்டும். "எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று வாட்ஸ்அப் புலனத்தில் பேச ஆரம்பிக்கிற குழு எப்போதும் தாமதமாகத்தான் கிளம்புகிறது, தாமதமாகக் கிளம்பியவன் மேலே போனதும் இறங்க மனமில்லாமல் இருக்கிறான். உங்களுக்குப் போன தடவை நடந்தது அதுதான்.

பிரைட்டில் பழகியவருக்கு இது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். அங்கே கோடையில் மதியத்துக்கு மேல்தான் நாளே சூடுபிடிக்கும், சாயங்காலம் வரை பறக்கலாம். இங்கே கதை வேறு. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் ஆகிய மாதங்கள் இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், பிற்பகலில் இடி. உங்கள் ஊர் தித்திவங்சா மலைத்தொடரின் அடிவாரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கடல் பக்கமிருந்து ஈரக்காற்று மேற்கிலிருந்து ஏறி வந்து மலையில் முட்டி மேலே போகிறது, அதனால் பிரேசர் மலைப் பாதைக்கு மேலே முதல் மேகம் கட்டுவதை ஊரிலிருந்தே பார்க்கலாம். சின்ன வயதில் லயத்து வாசலில் துணி காயப்போட்ட அம்மாக்கள் அந்த மலையைப் பார்த்துத்தான் துணியை எடுப்பார்கள். நீங்களும் அந்த மலையைத்தான் பார்க்க வேண்டும்.

மேகத்தின் அடி எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. தரையில் இருக்கும் வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியை, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையை, கழியுங்கள், வரும் எண்ணை 125 ஆல் பெருக்குங்கள், மீட்டர் கணக்கில் விடை கிடைக்கும். காலை பத்தரைக்கு 30 டிகிரி, பனிப்புள்ளி 24 என்றால் 750 மீட்டர். நண்பகலில் 33 ஆனால் 1,125 மீட்டர். பிரைட்டில் 32 டிகிரியும் பனிப்புள்ளி 10-உம் இருந்தால் 2,750 மீட்டர் கிடைக்கும், அந்த உயரத்துக்குப் பழகிய கண்ணுக்கு நம் ஊர் மேகம் தலைக்கு மேலே கூரை போட்ட மாதிரி தெரியும். உயரம் குறைவு என்றால் யோசிக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு, மேகத்துக்குள் இழுபடவும் அதிக நேரம் ஆகாது. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லா என்ற ஊருக்கு அருகே எவா விஸ்னியெர்ஸ்கா என்ற ஜெர்மானியப் பாராகிளைடர் வீராங்கனையை ஓர் இடிமேகம் உறிஞ்சி 9,946 மீட்டருக்குக் கொண்டுபோனது. நினைவிழந்து, உடலெல்லாம் பனி படிந்து, அவர் உயிரோடு இறங்கியது பெரும் அதிசயம். அதே மேகத்தில் சிக்கிய சீன வீரர் ஒருவர் பிழைக்கவில்லை. எவா உலகத்தரப் போட்டியாளர், திறமை குறைந்தவர் இல்லை என்பதை உங்கள் ஐந்து பேரிடமும் சொல்லுங்கள்.

மழை நம் தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்கவும் கூடாது. இடிமேகத்திலிருந்து கொட்டும் குளிர்ந்த காற்று தரையில் பட்டு விசிறி மாதிரி விரிந்து, மழைக்குப் பத்து இருபது கிலோமீட்டர் முன்னாலேயே ஓடி வந்துவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே காற்று புரண்டுவிடும்.

சரி, 1 மணியிலிருந்து பின்னோக்கி வருவோம். பன்னிரண்டரைக்கு எல்லோரும் இறங்கும் திடல் பக்கம் வந்துவிட வேண்டும். நல்ல தெர்மல், அதாவது சூடான தரையிலிருந்து மேலெழும் காற்று, பத்தரை வாக்கில் ஆரம்பிக்கும் என்று வையுங்கள், அப்படியென்றால் பறக்கக் கையில் இருப்பது இரண்டு மணி நேரம். ஹேங் கிளைடரைக் கட்டி முடிக்க நிதானமாக முக்கால் மணி ஆகும், பாராகிளைடருக்குப் பத்து நிமிடம் போதும். ஆகவே நீங்கள் இரண்டு பேரும் எட்டரைக்கே குன்றின் மேல் இருக்க வேண்டும். பசியாறுவது ஏழு மணிக்கு, நாசி லெமாக்கைப் பொட்டலமாகவே வாங்கிக்கொள்ளுங்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். முந்தின இரவு மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் முன்னறிவிப்பையும் காலையில் அதன் ராடார் படத்தையும் ஒருவர் பொறுப்பாகப் பார்க்கட்டும். ஐந்து பேரும் பார்த்தால் ஐந்து அபிப்பிராயம் வரும்.

இறங்கும் இடத்தை வார நாளிலேயே நடந்து பார்த்துவிட வேண்டும். பாராகிளைடர் சின்ன இடத்தில் இறங்கிவிடும். ஹேங் கிளைடர் தரையை ஒட்டி வெகுதூரம் மிதக்கும், தாழ்ந்து வந்தால் இன்னும் மிதக்கும். முற்றிய செம்பனை பத்துப் பன்னிரண்டு மீட்டர் நிற்கிறது. காற்று அதைத் தாண்டி வந்து மறுபக்கம் சுருண்டு புரளும், அந்தப் புரளல் மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை இருக்கலாம். அதாவது திடல் ஓரத்தில் பனை இருந்தால் அந்தப் பக்கத்து நூறு மீட்டரைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. மின்கம்பி எங்கே போகிறது என்று தரையில் நின்று பார்த்து வரைந்துகொள்ளுங்கள், மேலேயிருந்து கம்பி தெரியாது, கம்பம்தான் தெரியும். தோட்ட நிலம் என்றால் மேனேஜரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். உயரக் கட்டுப்பாடு, வான்வெளி விவரமெல்லாம் உங்கள் ஊர் புக்கிட் பத்து பாஹாட் குன்றில் வழக்கமாகப் பாராகிளைடர் ஓட்டுகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஏற வேண்டும்.

மேலே ஏறத் தெர்மல் எங்கே கிடைக்கும் என்று தேடும்போது மறுநடவு செய்த பிளாக்குகளைக் கவனியுங்கள். பழைய பனையை வெட்டிச் சாய்த்துச் செம்மண் வெறுமனே கிடக்கும் நிலம் சீக்கிரம் சூடாகும், அதன் ஓரத்தில் முற்றிய பனங்காடு தொடங்கும் கோட்டில்தான் பெரும்பாலும் தெர்மல் பிய்த்துக்கொண்டு கிளம்பும்.

அப்புறம் வண்டிக்காரர். நாளைத் திட்டமிடுகிறவர்கள் அதிகம் அலட்சியப்படுத்துவது இவரைத்தான், எனக்கோ குழுவில் முதல் ஆள் இவர்தான். எங்கள் குழுவுக்கு தோட்டத்தில் மேற்பார்வை பார்த்து ஓய்வுபெற்ற மண்டோர் ஒருவர் வண்டி ஓட்டுகிறார், நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். பறப்பதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எந்த பிளாக்கின் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், எந்த வாய்க்காலின் மேல் பாலம் உடைந்திருக்கிறது, எந்தக் கிராணியிடம் சாவி இருக்கும் என்பதெல்லாம் அத்துபடி. ஒருமுறை எங்களில் ஒருவர் பனங்காட்டு நடுவே இறங்கி, கைப்பேசியில் இடத்தை அனுப்பினார். வரைபடத்தில் சாலையே இல்லை. மாமா அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "பக்கத்துல பழைய பம்பு வீடு தெரியுதான்னு கேளுங்க" என்றார். தெரிந்தது. இருபது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். உங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார், தேடிப் பிடியுங்கள், பெட்ரோலும் மதியச் சாப்பாடும் உங்கள் ஐந்து பேர் பொறுப்பு.

இரண்டு வகை இறக்கையும் ஒரே இடத்தில் கலந்து பறப்பதைப் பற்றிச் சுருக்கமாக. தெர்மலுக்குள் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அந்தப் பக்கம்தான் எல்லோரும். நீங்கள் படுத்த நிலையில் பறக்கிறீர்கள், மேலே உங்கள் இறக்கையே கண்ணை மறைக்கும். பாராகிளைடர்காரருக்கும் தலைக்கு மேல் துணி. ஆகவே ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் ஏறிக்கொண்டு வந்தால் இரண்டு பேருக்குமே தெரியாது. சரிவை ஒட்டி எதிரெதிரே வந்தால், குன்று யாருக்கு வலப்பக்கம் இருக்கிறதோ அவருக்கு ஒதுங்க இடமில்லை, மற்றவர்தான் விலக வேண்டும். இதை மலையேறும்போது வண்டியில் வைத்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒரு சோதனையை மட்டும் எந்த அவசரத்திலும் விடாதீர்கள். ஓடுவதற்கு முன் தொங்கிப் பார்ப்பது. நண்பர் ஒருவர் முன்கம்பியைப் பிடித்து இறக்கையை நிலையாக நிறுத்துகிறார், நீங்கள் படுத்துத் தொங்குகிறீர்கள், மார்புக்கும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அடிக்குழாய்க்கும் இடைவெளி வழக்கமான அளவா என்று பார்க்கிறீர்கள். நண்பர் குனிந்து, ஹார்னஸை இறக்கையோடு இணைக்கும் கொக்கியான காராபினரைக் கையால் தொட்டு, பூட்டைத் திருகிப் பார்த்து, கால் பட்டைகளையும் இழுத்துப் பார்த்துச் சொல்கிறார். கண்ணால் பார்த்தால் போதாது, விரல் பட வேண்டும். ஹார்னஸை மாட்டாமலே ஓடிக் குதித்த அனுபவசாலிகள் பல நாடுகளில் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் நடந்தது இதுதான்: தயாராகி நின்றார், காற்று சரியில்லை என்று கழற்றினார், திரும்ப நின்றார். ஆகவே ஒருமுறை கழற்றினால் சோதனையும் முதலிலிருந்து.

இனி எழுதி வைப்பது. இதை நீங்கள் கேட்டதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம், ஏனென்றால் அந்த 1 மணி என்ற நேரமே எங்களுக்கு எழுதியதிலிருந்துதான் வந்தது.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்டோபர் மாதம், நான்கு பேர் பறந்தோம். நான் இறங்கும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது, இறக்கை மூக்கு குத்தி, சட்டத்தின் வலப்பக்கக் குழாய் ஒடிந்தது, மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒட்டுக்கடையில் தே தாரிக்கை வைத்துக்கொண்டு, "காத்து திடீர்னு திரும்பிடுச்சு" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் அதை நம்பினேன். எங்களில் ஒரு பெண் மட்டும், இறங்கின உடனே யாரிடமும் பேசுவதற்கு முன் கைப்பேசியில் தன் குரலைப் பதிவு செய்துவிடும் பழக்கம் உள்ளவர். அன்று அவர் அதைப் போட்டுக் காட்டினார். "12.35, மலைமேல மேகம் அகலத்தைவிட உயரமாயிடுச்சு. 12.40, ரேடியோவுல சொன்னேன், நான் இறங்குறேன்னு. அண்ணன் சரின்னு சொல்லிட்டு மேல போறாரு." அந்த அண்ணன் நான்தான். நான் இறங்கியது 1.12-க்கு. அப்போதுதான் எனக்கே நினைவுக்கு வந்தது: செம்பனை ஆலையின் புகை காலையிலிருந்து மலைப்பக்கம் சாய்ந்திருந்தது, நான் கடைசிச் சுற்றில் இருந்தபோது நேராக நின்று, அப்புறம் மேற்கே படுத்துவிட்டது. பார்த்தேன், அதற்குள் மேற்கு நோக்கி இறங்கும் பாதையில் தாழ்ந்துவிட்டேன். திடீர் என்று ஒன்றும் நடக்கவில்லை. முப்பத்தேழு நிமிடம் இருந்தது.

ஆகவே என் வழிமுறை இது. இறங்கியதும் ஒவ்வொருவரும் தனியாக, மற்றவர் கதையைக் கேட்பதற்கு முன், இரண்டு நிமிடம் குரல் பதிவு. கூடிப் பேசிவிட்டால் நான்கு பேர் நினைவும் ஒன்றாகக் கலந்துவிடும், நன்றாகப் பேசுகிறவர் சொன்னதுதான் எல்லோருக்கும் நடந்ததாக ஆகிவிடும். எழுதும்போது மணி, கண்ணால் கண்டது, எடுத்த முடிவு, அதன் பிறகு நடந்தது, இந்த நான்கும் போதும். "அருமையான ஏற்றம்" என்று எழுதாதீர்கள், "11.20, மறுநடவு பிளாக்கின் கிழக்கு ஓரம், ஏறும் வேகம் காட்டும் வேரியோவில் வினாடிக்கு 3 மீட்டர், மேகத்தடிக்கு 150 மீட்டர் கீழே விட்டு விலகினேன்" என்று எழுதுங்கள். பறக்காமல் இறங்கி வந்தவரும் எழுத வேண்டும், ஏன் பறக்கவில்லை என்று அவர் எழுதுவது மற்ற நான்கு பேருடைய குறிப்பையும்விட அடுத்த முறைக்கு உதவும். பயந்திருந்தால் பயந்தேன் என்றே எழுதுங்கள், எந்த நிமிடத்தில் என்பதோடு.

குரல் பதிவுகளை அன்று சாயங்காலமே சேர்ந்து உட்கார்ந்து கேட்கலாம். யாரையும் திட்டக் கூடாது, தொண்டையைக் கனைத்துச் சமாளிக்கிறவரைப் பார்த்துச் சிரிக்கவும் கூடாது, ஒருமுறை சிரித்தால் அடுத்த முறை உண்மை வராது.

இனி உங்கள் தம்பியைப் பற்றி. கூட்டி வாருங்கள். தெர்மல் எழுவதற்கு முன், ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குள், காற்று மெல்லமாக நேரே முகத்தில் அடிக்கும்போது, அவர் ஒருமுறை ஏறி நேராகத் திடலுக்கு இறங்கட்டும், கீழே ரேடியோவுடன் ஓர் அனுபவசாலி நிற்கட்டும். காற்று வரவில்லை என்றால் அன்று அவருக்குப் பறத்தல் இல்லை, அதை வெள்ளிக்கிழமை இரவே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு உங்கள் வண்டிக்காரருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து, ரேடியோவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கையில் கொடுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மலைமேல் மேகம் எப்படி இருக்கிறது, ஆலைப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதட்டும். பன்னிரண்டரைக்கு உங்களை எல்லாம் கீழே கூப்பிடும் வேலையையும் அவரிடமே கொடுங்கள், அண்ணன் என்று தயங்காமல் கூப்பிடச் சொல்லுங்கள்.