இன்லைன் போட்டும் ஸ்பீட் ஏறலையே?

கேள்வி: லினக்ஸுக்கு ஒரு டிரைவர் எழுதிட்டிருக்கேன் சார். ஃபங்ஷன் கால் எல்லாம் டைம் வேஸ்ட்னு ஒருத்தர் சொன்னதால எல்லா ஃபங்ஷன் முன்னாடியும் இன்லைன் (கூப்பிடுற இடத்துலயே ஃபங்ஷனோட கோடை ஒட்டிடுன்னு கம்பைலருக்குச் சொல்ற வார்த்தை) போட்டுட்டேன். மாட்யூல் சைஸ் ஏறுனதுதான் மிச்சம். ஏன்?

பதில்: எல்லாத்துக்குமா போட்டீங்க! இதுக்கு கர்னல்காரங்க, அதாவது லினக்ஸோட மையப் பகுதியை எழுதுறவங்க, 'இன்லைன் வியாதி'ன்னு பேரே வச்சிருக்காங்க, அவங்க கோடிங் ஸ்டைல் டாக்குமென்ட்ல தனி தலைப்பே இருக்கு, 3 வரிக்கு மேல போற ஃபங்ஷனுக்குப் போடாதீங்கன்னு.

சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்கல்ல, ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷன்ல முடியுற வேலைக்கு தாவிப் போயி திரும்பி வர்றது அந்தக் கதைதான், அங்க இன்லைன் நியாயம். ஆனா 40 வரி ஃபங்ஷனை 20 இடத்துல கூப்பிட்டா 20 காப்பி. நிறைய பிராசசர்ல எல்1 இன்ஸ்ட்ரக்ஷன் கேஷ் (ஓடுற கோடை வச்சுக்க பிராசசர் உள்ளயே இருக்குற வேகமான குட்டி மெமரி) வெறும் 32 கேபி, அதுவும் கர்னலுக்கு மட்டும் சொந்தமில்ல, யூசரோட புரோகிராமும் அதுலதான் குடியிருக்கு. சிஸ்டம் கால் (யூசர் புரோகிராம் கர்னல்கிட்ட வேலை கேக்குறது) வந்து நம்ம கோடு உள்ள நுழையும்போது பாதி நேரம் கேஷ்ல நம்மளது எதுவுமே இருக்காது, மெமரில இருந்து இழுத்துட்டு வரணும், கோடு பெருசா இருந்தா இழுக்குறதும் ஜாஸ்தி. ஒரே ஃபங்ஷனை லூப்ல லட்சம் தடவை ஓட்டிப் பாத்தா இது தெரியாது, ஏன்னா அப்போ எல்லாம் கேஷ்லயே உக்காந்திருக்கும். நிறைய பேர் ஏமாறுறது இங்கதான்.

இதுக்கு விதிவிலக்கும் உண்டு, கர்னல்ல மெமரி வாங்கித் தர்ற கேமலாக் (kmalloc) ஃபங்ஷன் நல்ல உதாரணம். கேக்குற மெமரி சைஸ் கம்பைல் பண்ணும்போதே தெரிஞ்சா அதுல இருக்குற செக்கிங்ல பெரும்பகுதி காணாமப் போயிடும், இன்லைன் பண்ணா கோடு சின்னதாகும்.

கம்பைலரையும் முழுசா நம்ப முடியாது, அது வேற. 2018ல ஒரு கூத்து, சி கோடு நடுவுல அசெம்பிளி எழுதுன இடத்துல ஜிசிசி கம்பைலர் வரியை எண்ணித்தான் சைஸை கணக்குப் போடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. நிஜத்துல ஒரே ஒரு இன்ஸ்ட்ரக்ஷன், ஆனா கூட நாலஞ்சு வரி டேட்டா இருந்ததால பெரிய ஃபங்ஷன்னு நெனச்சு இன்லைன் பண்ணாம விட்டுருச்சு! அப்புறம் ஜிசிசி 9ல அந்த அசெம்பிளியை சின்னதுன்னே எடுத்துக்கோன்னு சொல்றதுக்குன்னே 'ஏஎஸ்எம் இன்லைன்' (asm inline) கொண்டு வந்தாங்க.

உங்க டிரைவர்ல பெரிய அர்ரே வச்ச ஃபங்ஷன் இருந்தா மொதல்ல அதுல இருந்து எடுங்க. 64 பிட் எக்ஸ்86ல கர்னல் ஸ்டாக்கே (ஃபங்ஷன் ஓடும்போது அதோட வேரியபிள்லாம் இருக்குற இடம்) 16 கேபிதான், இன்லைன் ஆனா அந்த அர்ரே கூப்பிட்ட ஃபங்ஷனோட ஸ்டாக்ல கடைசி வரைக்கும் இடத்தை அடைச்சுக்கிட்டே இருக்கும். அப்புறம் ரெண்டு மூணு வரி குட்டி ஃபங்ஷனை விட்டுட்டு மிச்சத்துலயும் எடுத்துடுங்க, ஒரே இடத்துல கூப்பிடுற ஸ்டாட்டிக் ஃபங்ஷனை ஜிசிசி தானாவே இன்லைன் பண்ணிக்கும். கர்னல் சோர்ஸ்ல ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டர்ல 'ப்ளோட்-ஓ-மீட்டர்'னு ஒண்ணு இருக்கு, பழைய மாட்யூல் புது மாட்யூல் ரெண்டையும் குடுத்தீங்கன்னா எது எவ்ளோ வீங்கியிருக்குன்னு பேர் பேரா காட்டிடும்.