ரேஸ் டிராக்கில் ஒரு நாள் குழுவாக பைக் பயிற்சி நடத்துவது எப்படி?

உங்கள் பைக் குழுவில் 20 பேருக்கு மேல் இருக்கிறீர்கள், டிராக்கை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து எல்லோரும் சரியாக ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதை நான் மூன்று முறை நடத்தியிருக்கிறேன். முதல் முறை சொதப்பல். ஏற்பாடு செய்தவனும் நான்தான், ஓட்ட ஆசைப்பட்டவனும் நான்தான். நான் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், எந்தக் குழு தன்னுடையது என்று தெரியாத ஒருவர் வேகமானவர்களோடு உள்ளே போய்விட்டார். யாரைக் கேட்பது என்று பார்த்தால், கேட்க வேண்டிய ஆளான நான் ஹெல்மெட்டுக்குள் இருக்கிறேன்! நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் நடத்துகிறீர்கள் என்றால் அன்று ஓட்டாதீர்கள்.

அடுத்து, இந்த நாள் எதற்கு என்று முன்கூட்டியே எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். டிராக் என்றதும் பாதிப் பேர் மனதில் ரேஸ் ஓடத் தொடங்கிவிடும். நமக்குத் தேவை சாலையில் உயிரைக் காப்பாற்றும் பழக்கங்கள். 1981இல் அமெரிக்காவில் ஹர்ட் அறிக்கை வெளியானது. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் நடந்த 900 பைக் விபத்துகளை அந்தந்த இடத்துக்கே போய் ஆராய்ந்திருந்தார்கள். விபத்தைத் தவிர்க்க ஓட்டுபவருக்குப் பொதுவாகக் கிடைத்தது 2 நொடிக்கும் குறைவான நேரம். அதற்குள் பெரும்பாலோர் பின் பிரேக்கை அழுத்தி மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கவிட்டார்கள். முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. வெட்டி ஒதுங்கவும் தெரியவில்லை. பழைய அறிக்கைதான். ஆனால் எந்தக் குழுவை வேண்டுமானாலும் கூட்டி வந்து பிரேக் போடச் சொல்லுங்கள், இதே காட்சியை இன்றும் பார்க்கலாம்.

ஆகவே காலைப் பொழுதை பிரேக்குக்கே கொடுத்துவிடுவேன். நேர்ப்பாதையில் கூம்புகளை வைத்து 40 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, 60, அப்புறம் 80. முன் பிரேக்கைச் சட்டென்று பிடுங்கக் கூடாது. பைக்கின் எடை முன்சக்கரத்துக்கு வர ஒரு கணம் விட்டு, பிறகு இறுக்கிக்கொண்டே போக வேண்டும். பத்துத் தடவை செய்தால்தான் கை அதை நம்பும். ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கும் பைக்குகளும் இல்லாதவையும் தனித்தனி வரிசையில் நிற்கட்டும். ஏபிஎஸ் இல்லாதவர்களை நான் 60க்கு மேல் விடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று எல்லோருமே பள்ளியில் படித்தவர்கள்தான். ஆனால் காய்ந்த நல்ல தரையில் 60இல் வந்து பிரேக் பிடித்தால் சுமார் 18 மீட்டரில் நிற்கலாம், 120 என்றால் 70 மீட்டர் வேண்டும் என்று இரண்டு கூம்புகளை வைத்துக் காட்டும்போது முகங்கள் மாறும். பிரேக்கைத் தொடுவதற்கு முன்பு யோசிக்கும் ஒரு நொடியில் போகும் தூரம் இதில் சேரவில்லை. 120இல் அது மட்டுமே 33 மீட்டர்.

குழு பிரிப்பதில்தான் உண்மையான தலைவலி. "நீங்கள் எந்த அளவுக்கு ஓட்டுவீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் நடுத்தரம் என்பார்கள். அப்படிக் கேட்காதீர்கள். முன்பு டிராக்கில் ஓட்டியதுண்டா, கடைசியாக எப்போது விழுந்தீர்கள், கடந்த ஒரு வருடத்தில் எவ்வளவு ஓட்டினீர்கள் என்று கேளுங்கள், நீங்களே பிரித்துவிடுங்கள். பைக்கின் சிசியைப் பார்த்துப் பிரிப்பது பெரிய தவறு. என் அனுபவத்தில் அதிகம் கவனிக்க வேண்டியவர், புதிதாகப் பெரிய பைக் வாங்கியவர்தான்.

21 பேர் என்றால் ஏழு ஏழாக மூன்று குழு. ஒன்று டிராக்கில், ஒன்று வெளியே காலி இடத்தில் எட்டு போடுவது, யூ டர்ன் போன்ற மெதுவான பயிற்சியில், ஒன்று நிழலில் உட்கார்ந்து பாடம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று முடியும். 20 நிமிடம் குறைவு என்று முதலில் முணுமுணுப்பார்கள். இரண்டாவது சுற்றுக்குப் பிறகு அந்தப் பேச்சே வராது. கவனம் வற்றிப்போக 20 நிமிடம் தாராளம்.

ஒரு பயிற்சியாளருக்கு நான்கு பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். அவர் முன்னால் போக, மற்றவர்கள் பின்தொடர்ந்து வளைவில் எங்கே நுழைவது, எங்கே உள்விளிம்பைத் தொடுவது என்று பார்த்துக் கற்கிறார்கள். உண்மையில் அவருக்கு நேர் பின்னால் இருப்பவர் மட்டும்தான் கற்கிறார். ஐந்தாவது ஆள் பார்ப்பது நான்காவது ஆளின் தப்பை. அதனால் டிராக்கை ஒருமுறை சுற்றி முடிக்கும்போதெல்லாம், பயிற்சியாளருக்கு நேர் பின்னால் இருப்பவர் நேர்ப்பாதையில் ஓரம் ஒதுங்கிக் கடைசிக்குப் போய்விட வேண்டும். முந்துவது கிடையாது. ஸ்பீடோமீட்டர் மேல் டேப் ஒட்டிவிடுங்கள், கண்ணாடிகளையும் மடக்கிவிடுங்கள். நேரம் குறிக்கும் கருவியோ செயலியோ கண்ணில் பட்டால் வாங்கி வைத்துக்கொள்வேன். அது வந்த நிமிடமே பயிற்சி முடிந்து போட்டி தொடங்கிவிடும்.

ஆம்புலன்ஸ் விஷயத்தில் மட்டும் வளைந்து கொடுக்கக் கூடாது. இரண்டாவது முறை, சொல்லி வைத்த ஆம்புலன்ஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம். பைக்கெல்லாம் சூடாகி நிற்கிறது, எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். ஆனாலும் டிராக்கைத் திறக்கவில்லை. அந்த நேரத்தைப் பாடத்துக்கும், டிராக்கை நடந்தே சுற்றிப் பார்ப்பதற்கும் வைத்துக்கொண்டோம். நடந்து பார்த்ததுதான் அன்றைக்கு மிகவும் பயன்பட்டது என்று பிறகு பலர் சொன்னார்கள், அது வேறு கதை. அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பினாலும் இதே விதிதான்: அது திரும்பும் வரை, அல்லது மாற்று வண்டி வரும் வரை டிராக் மூடியிருக்கும்.

கொடிகளைக் காலையில் ஒருமுறை சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள், ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வையுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது; கையைத் தூக்கிக் காட்டி, மெதுவாக, டிராக்கின் ஓரத்தில் பைக்குகளை நிறுத்தும் இடமான ‘பிட்’டுக்குத் திரும்ப வேண்டும். சிவப்பைப் பார்த்ததும் நடுப்பாதையில் அப்படியே பிரேக் போடுபவர்தான் அடுத்த விபத்து.

பைக் பரிசோதனையை முந்தைய வாரமே முடியுங்கள். பிரேக் கட்டை, செயின் தொய்வு, என்ஜின் ஆயில் போல்ட் இறுக்கம், ஆக்சிலரேட்டரை விட்டால் தானாகத் திரும்புகிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் சிந்தினால் தரை வழுக்கும், கழுவினாலும் லேசில் போகாது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் இருக்க வேண்டும் என்று பல டிராக்குகளில் விதியே உண்டு. டயர் சூடானால் காற்றழுத்தம் ஏறும் என்பதால் ஓட்டி வந்த கையோடு அளந்து பார்க்க ஒரு கேஜ் வேண்டும்.

காகித வேலை: பெரும்பாலான வாகனக் காப்பீடுகள் டிராக்கில் நடப்பதை ஏற்பதில்லை, ஒவ்வொருவரும் தன் பாலிசியைப் படித்துவிட்டு வரட்டும். ஒப்புதல் படிவம், ரத்த வகை, ஒவ்வாமை, வீட்டுத் தொலைபேசி எண் எல்லாம் ஒரு வாரம் முன்பே கையில் இருக்க வேண்டும். அன்று காலை வாங்கினால் யாரும் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

மதியத்துக்கு மேல்தான் ஆட்கள் விழுகிறார்கள். காலையில் பயம் காப்பாற்றுகிறது. மதியம் உடம்பு களைத்திருக்கும், தைரியம் மட்டும் கூடியிருக்கும். அதனால் புதிய பாடம் எதையும் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்காதீர்கள், தண்ணீர் குடித்தார்களா என்று வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். அதே பைக்கில் வீட்டுக்குப் போகிறவர்களைக் குறைந்தது அரை மணி நேரம் உட்கார வையுங்கள். டிராக்கில் பழகிய கண்ணுக்குச் சாலையில் 80 என்பது நடப்பது போலத் தெரியும்.

அப்புறம், "இதுதான் கடைசி ரவுண்டு" என்று மட்டும் அறிவிக்காதீர்கள். அப்படிச் சொன்னால் நாள் முழுக்க அடக்கி வைத்ததையெல்லாம் அந்த ஒரு ரவுண்டில் காட்டிவிடுவார்கள். எல்லோரும் உள்ளே வந்து, என்ஜினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகுதான் "அவ்வளவுதான், டிராக் மூடியாச்சு" என்பேன். திட்டு விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.